மானியக் கோரிக்கையும் மாதச் சம்பளமும்: ஒரு மலை ஊராட்சியிலிருந்து பார்க்கும் சட்டமன்றக் கண்காணிப்பு

மாநில அரசின் கருவூலத்திலிருந்து ஒரு ரூபாய் வெளியே போவதென்றாலும் சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். வரி வருவாய், வாங்கிய கடன், திரும்பி வந்த கடன் அனைத்தையும் அரசியலமைப்பின் 266ஆம் பிரிவு தொகுநிதி என்ற ஒரே கணக்கில் சேர்க்கிறது. 202ஆம் பிரிவின்படி ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கை வைக்கப்படுகிறது. 203ஆம் பிரிவின்படி துறைவாரியான மானியக் கோரிக்கைகள் வாக்கெடுப்புக்கு வருகின்றன. 204ஆம் பிரிவின்படி நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு நிறைவேறுகிறது. ஆண்டு நடுவில் பணம் போதாமல் போனால் துணை மானியம் கேட்கவும், ஒப்புதலை மீறிச் செலவாகிவிட்டால் அதை முறைப்படுத்தவும் 205ஆம் பிரிவு வழி சொல்கிறது. செலவு முடிந்தபின் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, 151ஆம் பிரிவின்படி ஆளுநர் வழியாகப் பேரவைக்கு வருகிறது. ஏட்டளவில் இதைவிட இறுக்கமான ஏற்பாட்டைக் காண்பது கடினம். ஆனால் அரசின் மிகப் பெரிய செலவுகளில் ஒன்றான ஊழியர் ஊதியம் இந்த ஏற்பாட்டின் எந்தக் கட்டத்தில் கேள்விக்கு உள்ளாகிறது என்று தேடிப் பார்த்தால், உருப்படியாக எந்தக் கட்டத்திலும் இல்லை.

தலைமைச் செயலகத்திலிருந்து பார்ப்பதைவிட ஒரு மலை ஊராட்சியிலிருந்து பார்த்தால் இது தெளிவாகும். சேலம் மாவட்டம் ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தில், சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவே இருக்கிறது செம்மநத்தம் ஊராட்சி. மலையாளிப் பழங்குடியினர் வாழும் மலைப்பகுதி இது. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே இரண்டு. ஒன்று ஏற்காடு, மற்றொன்று நாமக்கல் மாவட்டத்தின் சேந்தமங்கலம்.

இப்படிப்பட்ட ஊராட்சியில் அரசு என்பது மாதச் சம்பளம் வாங்கும் சில மனிதர்கள்தான். பள்ளி ஆசிரியரின் சம்பளம் மானியக் கோரிக்கை எண் 43இல், பள்ளிக்கல்வித் துறையின் கீழ் வருகிறது. அதே பிள்ளைகள் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்ந்தால், அங்குள்ள ஆசிரியருக்கான பணம் எண் 4இல், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறையில் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் எண் 19. கிராம நிர்வாக அலுவலர் எண் 41. ஊராட்சிக்கான நிதி எண் 42. அங்கன்வாடிப் பணியாளரும் சத்துணவு அமைப்பாளரும் எண் 45. வனக் காப்பாளர் எண் 54. இவர்களில் அரசின் ஓய்வூதியம் பெறத் தகுதியுள்ளவர் ஓய்வு பெற்ற மறுமாதமே எண் 50க்கு மாறிவிடுகிறார். நியாய விலைக் கடை விற்பனையாளரோ அரசு ஊழியரே அல்ல, கூட்டுறவுச் சங்கத்தின் ஊழியர். ஆக, ஒரு கிராமத்துக்காக அரசு எவ்வளவு சம்பளம் கொடுக்கிறது, அதற்கு என்ன வேலை நடக்கிறது என்ற கேள்விக்குப் பேரவையில் வைக்கப்படும் எந்தத் தொகுதியைப் புரட்டினாலும் விடை கிடைக்காது. அந்த ஆவணங்கள் துறைவாரியாகப் பேசுகின்றன. ஊர்வாரியாகப் பேசுவதில்லை.

மொத்தத் தொகையைப் பார்த்தால் நிலைமையின் கனம் புரியும். 2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வைத்த 2025-26 நிதிநிலை அறிக்கையில் மாநிலத்தின் வருவாய் வரவு சுமார் 3,31,569 கோடி ரூபாய். அதில் ஊதியத்துக்கு 90,000 கோடிக்கு மேல், ஓய்வூதியத்துக்கு 41,000 கோடிக்கு மேல், வட்டிக்கு 70,000 கோடிக்கு மேல் மதிப்பிடப்பட்டது. மூன்றையும் கூட்டினால் வருவாயில் ஏறத்தாழ 61 விழுக்காடு. இவற்றில் வட்டி, 202(3) பிரிவின்படி தொகுநிதியின் மீது சாற்றப்பட்ட செலவு. உறுப்பினர்கள் அதைப் பற்றிப் பேசலாம், வாக்களிக்க முடியாது. ஊதியமும் ஓய்வூதியமும் பெரும்பாலும் வாக்கெடுப்புக்கு உட்பட்டவை. ஆனால் பணியில் இருக்கும் ஒருவருக்குச் சம்பளம் தரமாட்டோம் என்று எந்த அவையும் வாக்களிக்காது, வாக்களிக்கவும் கூடாது. எனவே கேள்வி கேட்க வேண்டிய நேரம், ஊதிய விகிதமும் பணியிடமும் முடிவாகும் நேரம். அந்த நேரத்தில்தான் பேரவை வெளியே நிற்கிறது.

ஐந்நூறு ரூபாய் அமைச்சர்கள்

சம்பளம் சட்டமன்றத்தின் கைக்கு எட்டாமல் இருந்ததற்கு ஒரு காலத்தில் சட்டமே காரணம். 1892ஆம் ஆண்டுச் சட்டம் மாகாண அவைகளுக்கு நிதிநிலை அறிக்கையைப் பற்றிப் பேச அனுமதித்தது, வாக்களிக்க அனுமதிக்கவில்லை. 1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வாக்குரிமை வந்தது, ஆளுநரின் மீறும் அதிகாரமும் கூடவே வந்தது. 1921இல் மத்தியில் பொதுக் கணக்குக் குழு அமைந்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஐ.சி.எஸ். அதிகாரிகளின் சம்பளம் மாகாண அவை வாக்களிக்க முடியாத செலவாகவே நீடித்தது.

1931இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ், அரசுப் பணியாளர் எவருக்கும் பொதுவாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் சம்பளம் இருக்கக் கூடாது என்று தீர்மானித்தது. 1937இல் சென்னை மாகாணத்தின் முதல்வரான சி. ராஜகோபாலாச்சாரியின் அமைச்சரவை அந்த 500 ரூபாயைத் தனக்கு நடைமுறைப்படுத்திக்கொண்டது. அமைச்சருக்குக் கோப்பு கொண்டுவந்து நின்ற ஐ.சி.எஸ். அதிகாரி வாங்கிய சம்பளம் அதைப்போலப் பல மடங்கு. அவர் சம்பளத்தில் ஒரு ரூபாயைக்கூட அந்த அவையால் குறைக்க முடியவில்லை.

வருவாய்ப் பக்கத்தில் அதே அமைச்சரவை துணிந்து செயல்பட்டது. 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான், சேர்வராயன் மலையும் சேர்த்து. கள், சாராய வருவாய் போன இடத்தை நிரப்ப 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இன்றைய மாநில வரிக் கட்டமைப்பின் வேர்களில் ஒன்று அது. வரவை மாற்றியமைக்க முடிந்த அவையால் சம்பளப் பட்டியலைத் தொட முடியவில்லை. விடுதலைக்குப் பின் சட்டத் தடை நீங்கியது, பழக்கம் நீங்கவில்லை.

அரசாணை முந்தும், அவை பிந்தும்

தமிழ்நாட்டில் அரசு ஊழியரின் ஊதிய விகிதம் சட்டத்தின் மூலம் மாறுவதில்லை. 309ஆம் பிரிவின் கீழ் வகுக்கப்படும் விதிகளாக, நிதித்துறையின் அரசாணையாக மாறுகிறது. தொடக்கத்தில் மாநிலம் தனக்கென ஊதியக் குழுக்களை அமைத்தது. 1960இல் முதல் குழு, 1970இல் இரண்டாவது என அது தொடர்ந்தது. பின்னாளில் மத்திய ஊதியக் குழுவின் பரிந்துரைகளை மாநிலத்துக்குப் பொருத்தித் தரும் அலுவலர் குழுவே போதும் என்றாகிவிட்டது. அகவிலைப்படியும் டெல்லி அறிவித்த விகிதத்தைத் தொட்டே நகர்கிறது. நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் எட்டாவது மத்திய ஊதியக் குழு 2025இல் அமைந்தபோது, தமிழ்நாட்டின் அடுத்த ஊதிய உயர்வின் அடித்தளமும் அங்கேயே போடப்படுகிறது என்று ஊழியர் சங்கங்கள் கணக்கிட்டன. சரியான கணக்குத்தான். ஆனால் அந்தக் குழுவின் உறுப்பினர் எவரையும் அழைத்து விசாரிக்கத் தமிழ்நாடு சட்டப்பேரவைக்கு அதிகாரம் இல்லை.

2017இல் நடந்தவற்றைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. அந்த ஆண்டு அக்டோபர் 11 அன்று, அமைச்சரவைக் கூட்டத்துக்குப் பிறகு, ஏழாவது ஊதியத் திருத்தத்துக்கான நிதித்துறை அரசாணை எண் 303 வெளியானது. பழைய அடிப்படை ஊதியம் 2.57ஆல் பெருக்கப்பட்டது. குறைந்தபட்ச ஊதியம் 15,700 ரூபாய், அதிகபட்சம் 2,25,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. ஆண்டுக்குக் கூடுதல் செலவு 14,719 கோடி ரூபாய் என்று அரசே அறிவித்தது. அன்று பேரவை கூட்டத்தொடரில் இல்லை. அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஜூலை 19 அன்று, சட்டமன்ற உறுப்பினர்களின் மாத ஊதியம் 55,000இலிருந்து 1,05,000 ரூபாயாக உயரும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. மாதம் 50,000 வீதம் 234 பேருக்கு ஆண்டுக்கு 14 கோடி ரூபாய் ஆகும். இந்த 14 கோடிக்குச் சட்டம் தேவைப்பட்டது, ஏனெனில் உறுப்பினர்களின் சம்பளம் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 2018 ஜனவரியில் சட்டமுன்வடிவு வந்தது. போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்த வாரம் அது. தி.மு.க. எதிர்த்தது, பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. பதினான்கு கோடி சட்டமாக வந்து வாங்கிக் கட்டிக்கொண்டது. பதினான்காயிரம் கோடி அரசாணையாக வந்து அமைதியாகக் கடந்துபோனது.

பேரவை கூடியிருக்கும் காலத்தில் அறிவிப்பு வந்தாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. பேரவை விதி 110இன் கீழ் முதலமைச்சரோ அமைச்சரோ பொது முக்கியத்துவம் உள்ள பொருள் பற்றி அறிக்கை படிக்கலாம். அதன்மீது அப்போது விவாதம் கிடையாது. ஓய்வு பெறும் வயது 59இலிருந்து 60 ஆகும் என்று 2021 பிப்ரவரி 25 அன்று எடப்பாடி பழனிசாமி அறிவித்ததும், அகவிலைப்படி உயர்வு 2022 ஜனவரி முதல் தரப்படும் என்று 2021 செப்டம்பரில் மு.க. ஸ்டாலின் அறிவித்ததும் இந்த விதியின் கீழ்தான். கட்சி மாறியது, விதி மாறவில்லை. ஓய்வு வயதை ஓர் ஆண்டு தள்ளிப்போட்டால் ஓய்வுக்காலப் பணப்பலன் செலுத்துவது தள்ளிப்போகும், புதிய நியமனமும் தள்ளிப்போகும், மூத்த ஊழியரின் உயர்ந்த சம்பளம் தொடரும். மூன்றும் வெவ்வேறு திசையில் இழுக்கும் விளைவுகள். கூட்டிக் கழித்தால் அரசுக்கு லாபமா நட்டமா என்று கேட்பது உறுப்பினரின் அடிப்படை வேலை. மேசையைத் தட்டுவதோடு அந்த வேலை முடிந்துவிடுகிறது.

மானியக் கோரிக்கை விவாதம் இந்தக் குறையை ஈடுகட்ட வேண்டும். கட்டுவதில்லை. வெட்டுத் தீர்மானங்கள் கொடுக்கப்படுகின்றன. நூறு ரூபாய் குறைக்கும் அடையாள வெட்டு என்பது ஒரு குறையைச் சுட்டிக்காட்டும் வழி. உறுப்பினர்களின் பேச்சு தொகுதிக் கோரிக்கைகளையும் தலைவர்களுக்கான பாராட்டையும் சுற்றி வருகிறது. அமைச்சர் பதிலுரையில் புதிய அறிவிப்புகளை அடுக்குகிறார். பிறகு கோரிக்கை குரல் வாக்கில் நிறைவேறுகிறது. பக்கத்து மாநிலமான கேரளம் 1980லேயே பொருள்வாரிக் குழுக்களை அமைத்தது. நிதிநிலை அறிக்கை மீதான பொது விவாதம் முடிந்ததும் கோரிக்கைகள் அக்குழுக்களுக்குப் போய், அலசப்பட்ட பிறகே அவைக்குத் திரும்புகின்றன. நாடாளுமன்றத்தில் துறைசார் நிலைக்குழுக்கள் 1993இல் வந்தன. தமிழ்நாட்டில் மதிப்பீட்டுக் குழு உண்டு. ஆனால் ஒவ்வொரு துறையின் கோரிக்கையையும் வாக்கெடுப்புக்கு முன் அலசும் குழு இல்லை.

நூறு ரூபாய் அடையாள வெட்டு ஒன்று எப்படி உருப்படியாக அமையலாம் என்பதற்கும் மலைப்பகுதியே எடுத்துக்காட்டு. மலையில் பணிபுரிவோருக்கு மலைப்படி உண்டு. அது எந்த அளவில் இருந்தால் ஒரு செவிலியரோ ஆசிரியரோ மாறுதல் கேட்காமல் மலையிலேயே தங்குவார் என்பது ஊதியக் கொள்கையின் நுட்பமான கேள்வி. படியை உயர்த்துவதால் ஆகும் செலவு மாநில அளவில் பொருட்படுத்தத் தக்கதல்ல. நிரப்பப்படாத ஒரு பணியிடத்தால் மலை ஊராட்சிக்கு ஏற்படும் இழப்பு பெரிது. கணக்கில் மட்டும் அந்தக் காலியிடம் ‘சேமிப்பு’ என்ற பெயரில் பதிவாகி, நிதியாண்டு முடிவில் ஒப்படைக்கப்படுகிறது.

கணக்குத் தலைப்பில் இல்லாதவர்கள்

அரசின் சம்பளச் செலவு என்று சொல்லும்போது கண்ணுக்குத் தெரிவது காலமுறை ஊதியம் பெறுவோர் மட்டுமே. அவர்களுக்குக் கீழே இன்னும் அடுக்குகள் உள்ளன. அங்கன்வாடி, சத்துணவுப் பணியாளர்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம். திட்டங்களில் பணிபுரிவோருக்குத் தொகுப்பூதியம். ஊராட்சியில் குடிநீர்த் தொட்டி இயக்குபவருக்கும் தூய்மைக் காவலருக்கும் அதைவிடக் குறைந்த தொகை. ஒரே ஊராட்சியில் இந்த எல்லா வகையினரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தபடி வேலை செய்கிறார்கள்.

பகுதிநேர ஆசிரியர்களின் கதை இதற்கு நல்ல சான்று. ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்காக 2012இல் 16,549 பேர் மாதம் 5,000 ரூபாயில் நியமிக்கப்பட்டனர். பல ஆண்டுகளுக்குப் பின் அது 10,000 ஆகி, பிறகு 12,500 ஆனது. இவர்களுடைய பணம் அனைவருக்கும் கல்வி இயக்கம், பின்னர் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் என்ற திட்டக் கணக்கில் ஓடுகிறது. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாநிலம் மறுத்ததால் மத்திய அரசு 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தபோது, திட்டத்தை நம்பிச் சம்பளம் வாங்குவதன் ஆபத்து வெளிப்படையாகத் தெரிந்தது.

நிரந்தரப் பணியிலும் ஒரே வகுப்பறைக்கு இரண்டு சம்பளம் உண்டு. 2009 ஜூன் 1க்குப் பின் பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 5,200 ரூபாயில் தொடங்கியது. முன்பு சேர்ந்தவருக்கு அது 8,370. வேறுபாடு 3,170 ரூபாய். சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். முரண்பாட்டை ஆராய எம்.ஏ. சித்திக் தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. தேதியை வைத்துக் கோடு போட்ட முடிவை ஏதேனும் ஒரு சட்டமன்றக் குழு முன்கூட்டிக் கண்டிருந்தால், பின்னால் வந்த போராட்டத்துக்கும் குழுவுக்கும் தேவை இருந்திருக்காது.

ஓய்வூதியத்தில் இந்தக் கோடு இன்னும் ஆழமாக விழுந்தது. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தோருக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். ஊழியர் 10 விழுக்காடு, அரசு அதே அளவு. பெரும்பாலான பிற மாநிலங்கள் அந்தப் பணத்தை ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை ஆணையத்தின் ஏற்பாட்டில் சேர்த்தபோது தமிழ்நாடு சேரவில்லை. பணம் மாநிலத்தின் பொதுக் கணக்கிலேயே வைக்கப்பட்டது. 266(2) பிரிவின் கீழ் வரும் பொதுக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப் பேரவையின் வாக்கு தேவையில்லை. இலட்சக்கணக்கான ஊழியரின் முதுமைக்கான சேமிப்பு, அவை வாக்களிக்காத கணக்கு ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்தது. இதற்கிடையே 2003 ஜூலை வேலைநிறுத்தம் நடந்தது. அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். ஆகஸ்ட் 6 அன்று டி.கே. ரங்கராஜன் வழக்கில், வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ மீண்டும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. 2025இல் ககன்தீப் சிங் பேடி தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கைக்குப் பின் 2026 ஜனவரியில், கடைசி மாத ஊதியத்தில் பாதியை உறுதி செய்யும் ஓய்வூதியத் திட்டத்தை முதலமைச்சர் அறிவித்தார். வீதி, நீதிமன்றம், அலுவலர் குழு, முதலமைச்சரின் அறிக்கை எனச் சுற்றி வந்த இந்த நெடும்பயணத்தில் சட்டமன்றக் குழு அறை மட்டும் ஒரு நிறுத்தமாக இருந்ததில்லை.

தணிக்கை வந்து சேரும் நேரம்

செலவுக்குப் பிந்திய கண்காணிப்பின் மையம் பொதுக் கணக்குக் குழு. பிரிட்டனில் கிளாட்ஸ்டன் காலத்தில், 1861இல் பிறந்த இந்த அமைப்பு இங்கு வந்தபின் ஒரு நல்ல மரபைப் பெற்றது. 1967 முதல் மத்தியில் எதிர்க்கட்சி உறுப்பினரே இதன் தலைவர். அந்த வரிசையில் முதலாமவர் மினு மசானி. தமிழ்நாட்டில் 2016க்குப் பிந்திய பேரவையில் தி.மு.க.வின் துரைமுருகன் தலைவராக இருந்தார். 2021க்குப் பின் காங்கிரஸின் கு. செல்வப்பெருந்தகை தலைவரானார். காங்கிரஸ் அப்போது ஆளும் தி.மு.க.வின் தோழமைக் கட்சி. ஆட்சியில் பங்கு இல்லை என்பதால் விதிக்குப் புறம்பில்லை. ஆனால் எதிர்க்கட்சித் தலைமை என்ற மரபின் உயிர், முதன்மை எதிர்க்கட்சியிடம் அந்த நாற்காலி இருப்பதில் அடங்கியிருக்கிறது.

குழுவின் கையில் இருக்கும் கருவி தணிக்கை அறிக்கை. ஒதுக்கீட்டுக் கணக்கு, அனுமதித்த தொகையையும் செலவான தொகையையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. நிதிக் கணக்கு மாநிலத்தின் முழு வரவு செலவையும் காட்டுகிறது. இவற்றின் மீது துறைச் செயலாளரை அழைத்துக் கேட்கலாம், மாவட்டங்களுக்குப் போய்க் கள ஆய்வு செய்யலாம். பரிந்துரை எழுதலாம். இவை சிறிய அதிகாரங்கள் அல்ல. தொல்லை காலத்தில் இருக்கிறது. ஒரு நிதியாண்டு முடிந்து, கணக்கு மூடப்பட்டு, தணிக்கை நடந்து, அறிக்கை அவையில் வைக்கப்பட்டு, துறையின் விளக்கக் குறிப்பு வந்து, குழு அந்தப் பத்தியை எடுக்கும்போது செலவு செய்த செயலாளர் வேறு துறையில் இருப்பார். சில சமயம் அமைச்சரவையே மாறியிருக்கும்.

தணிக்கை பெரும்பாலும் தவறான செலவைத்தான் பிடிக்கும். மிகையாக வழங்கிய படி, கணக்குக் காட்டாத முன்பணம், வாங்கிப் போட்டுத் துருப்பிடித்த கருவி எல்லாம் அதன் கண்ணில் படும். ஊதிய விகிதம் நியாயமானதா, பணியிடங்கள் சரியாகப் பகிரப்பட்டுள்ளனவா என்பது கொள்கை. பொதுக் கணக்குக் குழு கொள்கைக்குள் நுழைவதில்லை.

இருந்தாலும் கேள்வியின் வலிமையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் ஒன்றேகால் கோடி ரூபாய் அளவில் பங்கு வாங்கியதை 1957இல் ஃபெரோஸ் காந்தி மக்களவையில் எழுப்பினார். ஆளும் கட்சி உறுப்பினர் அவர். நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பொது நிறுவனங்களைத் தனியாகக் கண்காணிக்க 1964இல் நாடாளுமன்றக் குழு அமைந்ததற்கு இந்த விவகாரமும் ஒரு காரணம்.

தமிழ்நாடு சட்டமன்றத்திலும் பொது நிறுவனங்கள் குழு உண்டு. சேலம் வட்டாரத்தில் அதன் பார்வைக்கு உட்பட்டவை பல. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் அரசுப் பேருந்து, 1979இல் தொடங்கிய தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனம், ஏற்காட்டிலுள்ள தமிழ்நாடு ஓட்டல் ஆகியவை அவற்றில் சில. கஞ்சமலை அடிவாரத்து உருக்காலை மத்திய நிறுவனமான செயிலின் பகுதி என்பதால் அது நாடாளுமன்றக் குழுவின் எல்லை. பேருந்து ஓட்டுநரின் சம்பளம் மானியக் கோரிக்கையிலும் இல்லை, ஊதியக் குழுவிலும் இல்லை. தொழிற்சங்கங்களோடு நடக்கும் ஊதிய ஒப்பந்தத்தில் முடிவாகிறது. 2018 ஜனவரியில் தொழிற்சங்கங்கள் அரசு ஊழியருக்குத் தரப்பட்ட அதே 2.57 பெருக்கத்தைக் கேட்டன. கிடைத்தது 2.44. போக்குவரத்துக் கழகத்தின் நட்டத்தைக் காட்டி ஒப்பந்தத்தில் குறைப்பதும், கட்டணத்தை அரசே நிர்ணயித்து நட்டத்தை உண்டாக்குவதும் ஒருசேர நடக்கின்றன. அரசு தரவேண்டிய ஈடு எவ்வளவு, ஊழியரின் வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்துச் செலவிட்டது எவ்வளவு என்ற கேள்விகள்தான் இந்தக் குழுவுக்கு உரியவை.

இலங்கையில் அரச நிறுவனங்களைக் கண்காணிக்க 1979இல் அமைந்த ‘கோப்’ என்ற நாடாளுமன்றக் குழுவின் விசாரணைகள் 2019 முதல் ஊடகங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அரச நிறுவனத் தலைவர்கள் பதில் சொல்லத் திணறுவதை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மக்கள் வீட்டிலிருந்தே பார்த்தார்கள். தமிழ்நாட்டில் குழுக் கூட்டங்கள் மூடிய அறையில் நடக்கின்றன. குழு ஊருக்கு வந்துபோன செய்தியும் புகைப்படமும் வெளியாகின்றன, கேட்ட கேள்வியும் சொன்ன பதிலும் வெளியாவதில்லை.

கிராம சபையில் படிக்கப்படும் கணக்கு

கணக்குக் கேட்கும் அதிகாரம் மிக நேரடியாக இருக்கும் இடம் உண்மையில் கீழ்த்தளம். 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி கூடும் கிராம சபையில் ஊராட்சியின் வரவு செலவு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்க்கப்பட்டன. 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் கடமையாக்கியது. யார் பெயரில் எத்தனை நாள் கூலி எழுதப்பட்டது என்பதை அதே ஊரார் கேட்டுச் சரிபார்க்கலாம். சட்டமன்ற உறுப்பினருக்கு வாய்க்காத நெருக்கம் இது. எழுதப்பட்ட ஆளை அவர்களுக்கு நேரில் தெரியும்.

ஆனால் கிராம சபை கேட்கக்கூடியது ஊராட்சியின் சிறு கணக்கை மட்டுமே. பள்ளியில் எத்தனை ஆசிரியர் பணியிடம், எத்தனை காலி, துணைச் சுகாதார நிலையத்துச் செவிலியர் எத்தனை ஊர்களுக்குப் பொறுப்பு என்ற விவரங்களைத் துறைகள் அங்கே வைப்பதில்லை. ஊராட்சியின் கணக்கைத் தணிக்கை செய்பவரும் ஒன்றிய அலுவலகத்திலிருந்தே வருகிறார். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்களின் பதவிக்காலம் சேலம் மாவட்டத்தில் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தபின், தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனது. செலவுக்கு ஒப்பமிடுபவரும் அரசு அலுவலர், கணக்கு வைப்பவரும் அரசு ஊழியர், தணிக்கை செய்பவரும் அரசு அலுவலர் என்ற நிலை அப்போது ஏற்பட்டது.

2024இல் நிறைவேறிய தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் ஒரு வாய்ப்பைத் தந்திருக்கிறது. மக்கள்தொகைக்கு ஏற்ப ஒதுக்கீடு என்பது அதன் சாரம். 1974-75 முதல் நடைமுறையில் இருந்த பழங்குடியினர் துணைத் திட்டத்தின் மீது நெடுங்காலமாக இருந்த புகார், எங்கும் நடக்கும் வழக்கமான செலவில் ஒரு பங்கைப் பழங்குடியினருக்கானது என்று தாளில் எழுதிக்கொள்கிறார்கள் என்பது. மலையில் வேலை செய்யும் ஆசிரியரின் சம்பளத்தை இந்த ஒதுக்கீட்டில் எழுதுவது நியாயம். மலைக்கு வராத பணியிடத்தை எழுதுவது நியாயமாகாது. இரண்டையும் பிரித்துக் காட்டும் அட்டவணை, ஏற்காடு போன்ற வட்டாரங்களுக்குத் தனித்தனியாக, எண் 4 கோரிக்கையோடு பேரவையில் வைக்கப்பட வேண்டும்.

ஊதியம், படி, ஓய்வூதியம், ஓய்வு வயது ஆகியவற்றை மாற்றும் அரசாணை எதுவும் பத்தாண்டுச் செலவுக் கணிப்போடு மதிப்பீட்டுக் குழுவின் முன் வந்த பிறகே நடைமுறைக்கு வர வேண்டும். அதன்மீது ஒரு நாள் விவாதமாவது நடக்க வேண்டும். இது ஊழியருக்கு எதிரான ஏற்பாடு ஆகாது. தொகுப்பூதியத்தில் தேங்கியவரும் 3,170 ரூபாயை இழந்தவரும் தம் தரப்பைச் சொல்ல ஓர் அவை கிடைக்கும். விதி 110ஐத் திருத்தவும் பொருள்வாரிக் குழுக்களை அமைக்கவும் குழு அறையின் கதவைத் திறக்கவும் அரசியலமைப்புத் திருத்தமோ டெல்லியின் அனுமதியோ தேவையில்லை. அரசியலமைப்பின் 208ஆம் பிரிவின்படி, பேரவை தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளலாம்.